மறு: கப்பலைத் தாக்கும் விமானத்துக்குத் தமிழ்ச் சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கப்பல்களைத் தாக்கச் சீனா உருவாக்கிய ஜேஹெச்-7 என்ற போர் விமானத்தைத் தமிழ்க் கட்டுரையில் எந்தச் சொல்லால் குறிப்பது என்ற கேள்விக்கு இதுவரை ஐந்து பரிந்துரைகள் வந்திருக்கின்றன: போர்க்குண்டு விமானம், சண்டைக் குண்டுவீசி, கலந்தாக்கி (கலத்தை, அதாவது கப்பலைத் தாக்குவது), கடல்வழித் தாக்குதல் விமானம், கப்பல்வேட்டை விமானம். ஐந்தையும் படித்தபோது ஒன்று தோன்றியது. முதல் இரண்டும் விமானத்தின் வகையைச் சொல்கின்றன, மற்ற மூன்றும் அது செய்யும் வேலையைச் சொல்கின்றன. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கப் பார்ப்பதால்தான் விவாதம் முடியாமல் போகிறது. வகைக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என்று இரண்டு சொற்களாகவே வைத்துக்கொள்வோம் என்பது என் வேண்டுகோள்.

ஏன் என்று சொல்ல, அந்த விமானத்திலிருந்தே தொடங்குகிறேன். 1974 ஜனவரியில் தென் சீனக் கடலில் உள்ள பாரசெல் தீவுகளில் சீனக் கடற்படையும் தென் வியட்நாம் கடற்படையும் மோதின. தீவுகள் சீனாவின் கைக்குப் போயின. ஆனால் கரையிலிருந்து அவ்வளவு தொலைவில் சண்டையிடும் கப்பல்களுக்குத் துணையாகப் போய்த் தாக்கிவிட்டுத் திரும்ப ஏற்ற விமானம் தங்களிடம் இல்லை என்பது அப்போது சீனாவுக்கு உறைத்தது. இருந்த கியூ-5 தாக்குதல் விமானத்துக்கு எட்டும் தூரம் குறைவு. ஹெச்-5, சோவியத் இல்-28இன் வழிவந்த பழைய குண்டுவீச்சு விமானம். புதிய விமானத்தைக் கடற்படையும் விமானப்படையும் சேர்ந்துதான் கேட்டன, ஆனால் கேட்டது ஒரே மாதிரி இல்லை. விமானப்படை, அமெரிக்காவின் எஃப்-111 போல விமானத்தில் போகும் இருவரும் அருகருகே உட்காரும் விமானத்தை விரும்பியது. கடற்படை ஒருவர் பின் ஒருவராக உட்காருவதை விரும்பியது. கடைசியில் நிலைத்தது கடற்படையின் வடிவம். சென் யிஜியான் தலைமையில் ஷியானில் உருவான அந்த விமானம் 1988 டிசம்பர் 14 அன்று முதன்முறையாகப் பறந்தது. பத்து ஆண்டு கழித்து, 1998இல் ஜூஹாய் விமானக் கண்காட்சியில் அது பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது.

எஞ்சின் கதை தனியாக எழுத வேண்டிய அளவுக்குச் சுவையானது. 1975இல் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு வாங்கிய ஸ்பே எஞ்சின்தான் இதில் இரண்டாக உட்கார்ந்திருக்கிறது. பிரிட்டனின் பாண்டம் விமானங்களில் ஓடிய அதே குடும்பம். அதைச் சீனாவிலேயே முழுமையாகச் செய்து முடிக்க இரண்டாயிரங்களின் தொடக்கம் வரை ஆயிற்று. ஷியானுக்குத் தெற்கே இருக்கும் மலைத்தொடரின் பெயரையே, சின்லிங் என்று, அதற்கு வைத்தார்கள். இது தொடர்பாக 'ஈர்பொறி' என்று ஒருவர் எழுதியிருந்தார். பொறிக்குத் தமிழில் ஏற்கெனவே வேலை அதிகம். 'இரட்டை எஞ்சின்' எல்லோருக்கும் புரிகிறது, அதைத் தொடவே வேண்டாம்.

சரி, வகைப் பெயருக்கு வருவோம். சீனர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அவர்களிடம் சண்டை விமானத்துக்கு 'ஜியான்', குண்டுவீச்சு விமானத்துக்கு 'ஹோங்' என்று தனித்தனி முன்னொட்டுகள் இருந்தன. ஜே-8, ஹெச்-6 எல்லாம் அப்படி வந்த எண்கள். இந்த விமானம் இரண்டிலும் அடங்காததால் இரண்டையும் சேர்த்து 'ஜியான்ஹோங்-7', சுருக்கமாக ஜேஹெச்-7, என்று வைத்துவிட்டார்கள். இத்தகைய விமானங்களுக்குத் தானே ஒரு குறிப்பெயர் வைக்கும் நேட்டோ வேறு வழியில் போனது. அவர்கள் முறையில் சண்டை விமானத்துக்கு எஃப் எழுத்திலும் குண்டுவீச்சு விமானத்துக்கு பி எழுத்திலும் பெயர் தொடங்க வேண்டும். ஹெச்-6க்கு 'பேட்ஜர்', ஜேஹெச்-7க்கு 'ஃப்ளவுண்டர்'. அதாவது அவர்கள் கணக்கில் இது சண்டை விமானம். ஜெர்மானியர்கள் இந்த வகையை 'யாக்ட்போம்பர்' என்கிறார்கள். 'யாக்ட்' என்றால் வேட்டை, அது அவர்கள் சண்டை விமானத்துக்கு வழக்கமாகச் சொல்லும் சொல்லின் முற்பாதி. எல்லோருமே தங்களிடம் ஏற்கெனவே பழகிப்போன இரண்டு சொற்களை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

நம்மிடமும் 'குண்டுவீச்சு விமானம்' செய்தித்தாளில் நன்றாக ஊறிப்போன சொல். சிக்கல் முதல் பாதியில்தான். 'போர் விமானம்' என்பதை நாம் படையில் பறக்கும் எதற்கும் சொல்லிவிடுகிறோம். குண்டு போடுவதும் போர் விமானம், வானில் இன்னொரு விமானத்தைத் துரத்துவதும் போர் விமானம். ஆகவே 'போர்க்குண்டு விமானம்' எதையும் பிரித்துக் காட்டாது. துரத்திச் சண்டையிடுவதற்கு 'சண்டை விமானம்' என்று ஒதுக்கி வைத்தால்தான் இந்த இணைப்பு பொருள் தரும். ஈழத்து நண்பர்கள் இதில் என்னை மறுக்கலாம். போர்க்காலத்தில் வன்னியில் 'கிபிர்' என்பதே குண்டு போட வரும் விமானத்தின் பெயர். இலங்கை விமானப்படையின் பட்டியலில் அது சண்டை விமானம், பதுங்குகுழிக்குள் இருந்தவர்களுக்கு அது குண்டு போட்ட விமானம். அந்த வழக்கைத் திருத்த யாருக்கும் உரிமை இல்லை. நான் கேட்பது கட்டுரையில் இரண்டு வகைகளை எதிரெதிரே வைக்கும் இடத்துக்கு மட்டும்.

'குண்டுவீசி' வேண்டாம் என்பதற்குக் காரணம் இலக்கணம்கூட இல்லை, வாசிப்பு. 'பெருக்கி', 'மாற்றி' போல அது முறையாகத்தான் அமைந்திருக்கிறது. ஆனால் 'குண்டுவீசி தாக்கியது' என்று ஒரு வரி வந்தால், குண்டை வீசித் தாக்கியதா, குண்டுவீசி என்ற விமானம் தாக்கியதா? இராணுவக் கட்டுரையில் பக்கத்துக்கு நான்கு முறை இந்தத் தடுக்கல் வரும்.

'சண்டை', 'குண்டுவீச்சு' இரண்டையும் ஒட்டும் இடத்தில் ஒற்று வருமா என்றும் கேட்டிருந்தார்கள். வரக்கூடாது. சண்டையும் குண்டுவீச்சும் என்று விரியும்போது இது உம்மைத்தொகை, அங்கே வல்லினம் மிகாது. 'சண்டைக் குண்டுவீச்சு' என்று எழுதினால் சண்டைக்கான குண்டுவீச்சு என்று பொருள் திரும்பிவிடும். நடுவே ஒரு சிறு கோடு போட்டுவிட்டால் படிப்பவருக்கும் தயக்கம் இருக்காது: சண்டை-குண்டுவீச்சு விமானம்.

இனி வேலைப் பெயர். எனக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் இந்த விமானம் தன் முதன்மை வேலையில் சண்டையும் போடுவதில்லை, குண்டும் வீசுவதில்லை. கரையில் உள்ள தளத்திலிருந்து கிளம்புகிறது. இலக்கை நெருங்கும்போது கடல்மட்டத்தை ஒட்டித் தாழ்ந்துவிடுகிறது. கப்பலின் ரேடார் 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, விமானம் 50 மீட்டர் உயரத்தில் வருகிறது என்று வையுங்கள். பூமியின் வளைவு காரணமாகச் சுமார் 47 கிலோமீட்டருக்குள் வந்தால்தான் ரேடாருக்கு அது தெரியும். ஆரம்பகால ஒய்ஜே-81 ஏவுகணை எட்டியது 50 கிலோமீட்டர் அளவுதான், ஆகவே விமானி அந்த விளிம்பு வரை போயே ஆக வேண்டியிருந்தது. மேம்படுத்திய வடிவமான ஜேஹெச்-7ஏ 2004இல் படையில் சேர்ந்தது. அது சுமக்கும் ஒய்ஜே-83கே 180 கிலோமீட்டர் வரை போகும் என்கிறார்கள். பின்னிருக்கையில் இருப்பவர் ஏவுகணையை விடுவிக்கிறார், முன்னிருக்கையில் இருப்பவர் விமானத்தைத் திருப்புகிறார். அப்புறம் ஏவுகணை அலைக்கு மேலே சில மீட்டர் உயரத்தில் தானே போய், கடைசிக் கட்டத்தில் தன் ரேடாரால் கப்பலைத் தேடிப் பிடிக்கிறது. தாக்கியவர்கள் தாக்கப்பட்ட கப்பலைக் கண்ணால் பார்ப்பதே இல்லை.

இதனால்தான் 'வேட்டை' எனக்குப் பொருந்தவில்லை. இலக்கைத் தேடித் திரிவது ரோந்து விமானங்களின் வேலை. அரக்கோணத்தில் உள்ள இந்தியக் கடற்படையின் பி-8ஐ ரோந்து விமானங்களைப் பற்றி எழுதும்போது 'நீர்மூழ்கி வேட்டை' என்று தாராளமாக எழுதலாம். 'கடல்வழித் தாக்குதல்' இன்னும் பெரிய குழப்பம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அந்தச் சொல் கடல் வழியாக வந்து நிலத்தைத் தாக்குவதற்கு நிலைத்துவிட்டது, நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்த் திசை. 'கலந்தாக்கி' ஓசைக்கு அழகு. ஆனால் இலங்கைப் பாடநூல்களில் 'கலம்' என்றால் உயிரணு, அங்கே படிக்கும் மாணவருக்கு இது மருந்தின் பெயர்போல ஒலிக்கும். 'தாக்கி' என்ற முடிவும் ஆகாது. 'மின்னல் தாக்கி இருவர் பலி', 'யானை தாக்கி விவசாயி காயம்' என்று தினமும் படிக்கும் கண்ணுக்குக் 'கப்பல்தாக்கி' என்றால் கப்பல் எதையோ மோதியதாகத்தான் தெரியும்.

அந்த ஐந்தில் சேராமல், 'கடற்படைத் தாக்குதல் விமானம்' என்று ஒருவர் இடையில் சொன்னதும் வேண்டாம். இந்த விமானம் போர்க்கப்பலின் தளத்தில் இறங்குவது இல்லை. அதோடு, 2023இல் சீனக் கடற்படை கரைத்தளப் போர் விமானங்களில் பெரும்பாலானவற்றை விமானப்படையிடம் ஒப்படைத்துவிட்டது, ஜேஹெச்-7ஏக்களும் அதில் போயின. உடைமை மாறினால் பெயரையும் மாற்ற வேண்டிய சொல் நமக்கு எதற்கு?

ஆகவே என் பரிந்துரை 'கப்பல்தாக்கு'. 'கப்பல் எதிர்ப்பு ஏவுகணை' ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது, அதோடு இது இயல்பாகக் கைகோக்கும். 'கடல்தாக்கு' என்றால் கடலே வந்து தாக்குவதுபோல் இருக்கும். புணர்ச்சிப்படி 'கப்பற்றாக்கு' என்றுதானே வர வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: விதி அதுதான், ஆனால் அப்படி எழுதினால் கப்பலும் தெரியாது, தாக்குதலும் தெரியாது. இயல்பாகவே விட்டுவிடுவோம்.

இது தனிச்சொல்லாக இருப்பதால் எந்த வகையோடும் சேர்கிறது. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியில் 222ஆவது அணி பணியைத் தொடங்கியது, பிரமோஸ் ஏவுகணை சுமக்கும் சுகோய்-30 எம்கேஐ விமானங்களோடு. அவை பலபணிச் சண்டை விமானங்கள், ஆனால் அங்கே அவற்றின் முக்கியப் பொறுப்புகளில் ஒன்று கப்பல்தாக்குப் பணி. ஜேஹெச்-7க்கு முதல் வரியை இப்படி எழுதிப் பார்த்தேன்:

'ஜேஹெச்-7 என்பது கப்பல்தாக்குப் பணிக்காகச் சீனா உருவாக்கிய, இருவர் அமரும், இரட்டை எஞ்சின் சண்டை-குண்டுவீச்சு விமானம்.'

இதைவிடச் சுருக்கமாக, பொருள் குறையாமல் யாராவது எழுதிக் காட்டினால் மகிழ்ச்சியோடு என் சொல்லை விட்டுவிடுகிறேன்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. பின்னிருக்கையில் உட்கார்ந்து ரேடாரையும் ஏவுகணையையும் பார்த்துக்கொள்பவருக்கு என்ன சொல்? 'துணை விமானி' தவறு, அவர் விமானத்தை ஓட்டுவதில்லை. 'ஆயுத அலுவலர்' என்றால் கிடங்கில் இருப்பவர்போல இருக்கிறது. 'படைக்கல இயக்குநர்' என்று இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் 'இயக்குநர்' நிறுவனப் பதவியை நினைவூட்டுகிறது. விமானப்படையில் பணியாற்றிய நண்பர்கள் தங்களுக்குள் தமிழில் பேசும்போது அவரை எப்படிக் குறிப்பிடுவார்கள் என்று தெரிவித்தால் அங்கிருந்து தொடரலாம்.

அன்புடன்