ரெக்சின் ஹேண்ட்பேக் தொய்யாமல் நிற்க என்ன கொடுப்பது?

காரைக்குடி தையல்காரி:
வீட்டில் இருப்பது பழைய கால் மிஷின். அதில் ரெக்சினில் ஒரு ஹேண்ட்பேக் தைக்கப் பார்க்கிறேன், அடி 30 செ.மீ. நீளம், 10 அகலம், உயரம் 22. உள்ளே பழைய கண்டாங்கிச் சேலையை லைனிங் கொடுக்க ஆசை, அந்தக் கட்டமும் பட்டைக் கரையும் அவ்வளவு எடுப்பாக இருக்கும். மாதிரிக்குத் தைத்ததில், சாமான் இல்லாவிட்டால் பை அப்படியே சரிந்துவிடுகிறது. தையலும் விட்டுவிட்டு விழுகிறது. கனமான ரெக்சின் வாங்கினால் சரியாகுமா?

தேவகோட்டை டெய்லர்:
வேண்டாம் தங்கச்சி. கனமாக வாங்கினால், நாலு மடிப்பு சேரும் மூலையில் வீட்டு மிஷின் ஏறாது. விறைப்பை உள்ளே கொடுங்கள். ஈவிஏ ஃபோம் ஷீட் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும், அதை ரெக்சினைவிட நாலு பக்கமும் 1 செ.மீ. குறைத்து வெட்டி ரப்பர் பசையால் ஒட்டுங்கள். தையல் ஓரத்துக்குள் ஃபோம் போகக் கூடாது, போனால் திருப்பும்போது மூலை உருண்டைகட்டி நிற்கும். அடிக்குக் கெட்டி பிளாஸ்டிக் அட்டை போடுங்கள்.

ஊசி 16ஆம் நம்பர், பாலியஸ்டர் நூல், தையல் நீளம் 4 மி.மீ. பொடித் தையல் போட்டால் வரிசையாக ஓட்டை விழுந்து அந்தக் கோட்டிலேயே கிழிந்துவிடும். குண்டூசியும் குத்தாதீர்கள், ரெக்சினில் விழுந்த ஓட்டை மூடாது, கிளிப் மாட்டினால் போதும்.

காரைக்குடி தையல்காரி:
ரொம்ப நன்றி அண்ணே. அழுத்தும் பாதம் ரெக்சினில் ஒட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்கிறதே? மடிப்பை அயர்ன் பண்ணலாமா?

சீட் கவர் கடை:
அயர்ன் பக்கமே போகாதீங்க அக்கா, மேல்பூச்சு இளகிப் பளபளப்பு போய்விடும். மடிப்பைப் பசை தடவி ஒட்டி, மேலே துணி போட்டு மரச்சுத்தியால் தட்டினால் படிந்துவிடும். பாதம் ஒட்டினால் மேலே பட்டர் பேப்பர் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள். டெஃப்லான் பாதம் கிடைத்தால் இன்னும் நல்லது.

மூலையைக் கூராக வைக்காமல் வளைத்து வெட்டுங்கள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைத்துச் சுற்றி வரும் ரெக்சின் பட்டையில் வளைவு வரும் இடத்தில் மட்டும், தையல் கோட்டைத் தொடாமல், 5 மி.மீ. ஆழத்துக்கு நெருக்கமாகக் கத்தரியுங்கள். அப்போதுதான் பட்டை சுருங்காமல் விரிந்து கொடுக்கும். கிளிப்பை அடிப்பக்க நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு போங்கள், ஒரு ஓரத்திலிருந்து தொடங்கினால் மறு ஓரத்தில் நீளம் இடிக்கும். தைக்கும்போது பட்டை மேலே இருக்கட்டும், வளைவில் காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

தேவகோட்டை டெய்லர்:
தம்பி சொல்வது சரி. இன்னொன்று, மேக்னட் பட்டனும் கைப்பிடியும் லைனிங் வைக்கும் முன்பே போட்டுவிட வேண்டும். இரண்டுக்கும் பின்னால் கேன்வாஸ் துண்டு ஒன்று வைத்து, கைப்பிடியைச் சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போடுங்கள், பாரம் முழுக்க அங்கேதான் இழுக்கும். கண்டாங்கி பழசு என்றால் கரைப்பகுதியை வாய்ப்பக்கம் வருகிற மாதிரி வெட்டுங்கள், அடிக்கடி கை படுகிற இடம் அதுதான்.