பெல் பாட்டிங்கர் தென்னாப்பிரிக்காவில் செய்தது என்ன?

கேள்வி:
மக்கள் தொடர்பு நிறுவனங்கள் ஒரு நாட்டின் பொதுவிவாதத்தையே திசைதிருப்ப இயலுமா? பெல் பாட்டிங்கர் விவகாரத்தை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
லண்டனைச் சேர்ந்த அந்நிறுவனத்தை 2016இல், இந்தியாவிலிருந்து சென்று தென்னாப்பிரிக்காவில் தொழில் நடத்திய குப்தா குடும்பத்தின் ஓக்பே நிறுவனம் மாதம் 1,00,000 பவுண்டு கட்டணத்தில் அமர்த்தியது. அப்போதைய அதிபர் ஜேக்கப் ஜூமாவுடன் அக்குடும்பத்துக்கு இருந்த நெருக்கம் ஊழல் புகாராக வெடித்த வேளையில், மக்களின் சினத்தை 'வெள்ளையர் ஏகபோக மூலதனம்' (பொருளாதாரம் வெள்ளையர் கையிலேயே குவிந்துள்ளது) என்ற முழக்கத்தின் பக்கம் திருப்பும் பரப்புரை நடந்தது. அச்சொற்றொடர் அவர்கள் கண்டுபிடித்ததன்று. நிறவெறி ஆட்சி விட்டுச்சென்ற ஏற்றத்தாழ்வும் பொய்யன்று. அதனால்தான் அது எடுபட்டது.

மறுமொழி 2:
முடிவையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்போது தென்னாப்பிரிக்காவின் எதிர்க்கட்சியாக இருந்த ஜனநாயகக் கூட்டணி அளித்த புகாரின்மேல், பிரிட்டனின் மக்கள் தொடர்புத் தொழில் சங்கம் 2017 செப்டம்பரில் அந்நிறுவனத்தை வெளியேற்றியது. வாடிக்கையாளர்கள் விலக, சில நாட்களிலேயே அது திவாலாகி, திவால் நிலையைக் கையாளும் நிர்வாகிகளின் பொறுப்பில் போனது. பிரிட்டன் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சருக்கு விளம்பர ஆலோசகராக இருந்த டிம் பெல் தொடங்கிய நிறுவனம் அது என்பது கவனிக்கத்தக்கது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால், புகார் எழாத ஒப்பந்தங்களை வாசகர் எவ்வாறு அறிவது?

மறுமொழி 1:
பெரும்பாலும் அறிய வழியில்லை, ஐயா. இங்கும் குப்தா குடும்பத்தின் மின்னஞ்சல்கள் கசிந்த பின்னரே பலவும் வெளிப்பட்டன.