கண்மைக்கு முயலின் கண்ணைக் கெடுப்பதா?

வெள்ளவத்தைக்காரி:
நேற்றுக் காலி வீதியில் ஷாம்பு வாங்கினேன். முயல் படம் போட்ட போத்தலுக்கு மட்டும் 700 ரூபாய் கூட. ஏன் என்று கேட்டால், "அது முயலுக்குப் போடுறது அக்கா" என்கிறான் கடைப் பையன்! மிருகங்களில் சோதிக்காத பொருள் என்பதற்குத்தான் அந்தப் படம். அப்படிச் சோதித்த அழகுசாதனங்களின் விற்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் முழுத் தடை போட்டது. இந்தியா 2014இல் சோதனையையும் இறக்குமதியையும் நிறுத்தியது. இங்கே இலங்கையில் யாரும் இதைப் பற்றிக் கதைப்பதே இல்லை.

பாமசி அண்ணன்:
தங்கச்சி, மிருகத்தில் சோதிக்காவிட்டால் சோதனை வாங்குகிறவரில் நடக்கும். 1937இல் அமெரிக்காவில் ஒரு மருந்தைப் பாணியாக்க டைஎதிலீன் கிளைக்கோல் என்ற இரசாயனத் திரவத்தில் கரைத்தார்கள். ருசி பார்த்தார்கள், வாசனை பார்த்தார்கள், நஞ்சா என்று பார்க்கவில்லை. நூறு பேருக்கு மேல் செத்தார்கள், அதில் பிள்ளைகளும் உண்டு. விற்குமுன் மருந்து பாதுகாப்பானது என்று காட்ட வேண்டும் என்று அடுத்த வருடமே சட்டம் வந்தது.

வெள்ளவத்தைக்காரி:
அது மருந்து அண்ணா. நான் கேட்பது கண்மையை.

பாமசி அண்ணன்:
சரி, புறக்கோட்டை நடைபாதையில் விற்கிற வெள்ளையாக்கும் கிரீம்? பாதரசம் கலந்ததெல்லாம் வருகிறதே.

ஆய்வுகூடத் தம்பி:
அண்ணா, பாதரசம் நஞ்சு என்று தெரிய முயல் எதற்கு? டப்பாவைத் திறந்து ஆய்வுகூடத்தில் அளந்தால் போதும். நடக்காதது அதுதான்.

முயல் கண் சோதனை 1944இல் டிரெய்ஸ் என்பவர் வகுத்தது. கீழிமையை இழுத்து உள்ளே பொருளை இட்டு, சிவக்கிறதா, புண்ணாகிறதா என்று நாள்கணக்கில் பார்ப்பார்கள். முயலுக்குக் கண்ணீர் குறைவு, கழுவிக்கொண்டும் போகாது. இப்போது மனித உயிரணுக்களை வளர்த்துச் செய்த தோலிலேயே எரிச்சலைப் பார்க்கலாம். ஆனால் அக்கா, நமக்கு இந்தியாவிலிருந்து வரும் பாம்புக்கடி மருந்து குதிரை இரத்தத்தில் எடுப்பது, வீரியத்தை எலியில் பார்ப்பது. கண்ணாடி விரியன் கடித்தவருக்கு அது வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது.

வெள்ளவத்தைக்காரி:
நானும் சொல்லவில்லை. உயிர் காக்கிற மருந்தையும் உதட்டுச் சாயத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்கிறேன்.

பாமசி அண்ணன்:
அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முயல் படத்தை யாரும் அச்சடிக்கலாம். சான்று கொடுத்தது யார் என்று போத்தலில் இருக்கிறதா?

வெள்ளவத்தைக்காரி:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். முயல் இருக்கிறது. வேறொன்றும் இல்லை.