சீப்பு காகிதத்தை இழுப்பது எப்படி? காகிதத்தில்தான் மின்னூட்டமே இல்லையே!

பிளஸ்டூ_பையன்:
நிலைமின்னியல் பாடம் ஆரம்பித்திருக்கிறார்கள். கூலூம் விதியில் இரண்டு மின்னூட்டங்களைப் பெருக்குகிறோம், அதில் ஒன்று பூஜ்யம் என்றால் விசையும் பூஜ்யம்தானே? ஆனால் தலை சீவிய பிளாஸ்டிக் சீப்பை நோட்டுத்தாள் துணுக்குகளுக்குப் பக்கத்தில் கொண்டு போனால் துள்ளி வந்து ஒட்டுகின்றன. அதைவிட வேடிக்கை, ஒட்டியதில் ஒன்றிரண்டு சற்று நேரத்தில் தானாகத் தெறித்து ஓடுகின்றன. ஏன்?

சும்மா_வந்தேன்:
சீப்பு கொஞ்ச நேரத்துக்குக் காந்தமாகிவிடும் தம்பி, அவ்வளவுதான்.

பழைய_வாத்தியார்:
காந்தத்தை இங்கே இழுக்காதீர்கள், பையன் பரீட்சையில் எழுதிவிடப் போகிறான். தம்பி, காகிதத்தில் பூஜ்யம் என்றால் ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை, நேரும் எதிரும் சம அளவில் கலந்து கிடக்கின்றன. சீப்பு முடியிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கி எதிர் மின்னூட்டத்தோடு இருக்கிறது. அதன் மின்புலம் (மற்ற மின்னூட்டங்களின் மேல் அது விசை செலுத்தும் சுற்றுப்பகுதி) காகிதத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் எலக்ட்ரான்களைத் துளியூண்டு அப்பால் தள்ளுகிறது, அதனால் சீப்பைப் பார்த்த பக்கம் நேர், பின்பக்கம் எதிர். முன்பக்கத்தை இழுக்கிறது, பின்பக்கத்தைத் தள்ளுகிறது; இரண்டும் சமமாக இருந்தால் காகிதம் அசையாது. ஆனால் மின்புலம் தூரத்தோடு குறைகிறதே! சீப்பில் 1 நானோ கூலூம் (சுமார் 600 கோடி எலக்ட்ரான்) ஒரு புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொள், 10 செ.மீ. தள்ளி மின்புலம் கூலூமுக்கு 900 நியூட்டன், 20 செ.மீ.யில் 225தான். அந்த வித்தியாசத்தில்தான் இழுப்பு ஜெயிக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவான மின்புலத்தில் வைத்தால் துணுக்கு எந்தப் பக்கமும் போகாது.

தெறிப்பதா? ஒட்டிய துணுக்கு சீப்பிலிருந்து கொஞ்சம் எலக்ட்ரான் வாங்கிக்கொள்கிறது, அப்புறம் இரண்டும் ஒரே வகை, ஒன்றையொன்று தள்ளும்.

லேப்_அக்கா:
தலையில் எண்ணெய் இருந்தால் இது சரியாக வராது. நவம்பர் மழையில் வகுப்பில் செய்து காட்டப் போய் ஒரு துணுக்குகூட அசையாமல் பசங்க முன்னால் அசடு வழிந்தேன், காற்றில் ஈரம் அதிகமானால் சீப்பின் மேல் ஈரப்படலம் படிந்து மின்னூட்டம் கசிந்துவிடும்.

பிளஸ்டூ_பையன்:
நன்றி சார், நன்றி அக்கா. இப்போது அலுமினியத் தாளைக் கிழித்துப் பார்த்தேன், காகிதத்தைவிட வேகமாக வந்து முட்டி உடனே தெறிக்கிறது!

பழைய_வாத்தியார்:
தெறிக்கும். அது கடத்தி, எலக்ட்ரான்கள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தாராளமாக ஓடும். தொட்ட மாத்திரத்தில் சீப்பின் மின்னூட்டமும் தாள் முழுக்கப் பரவிவிடும்.