வெற்றுப் பொருள் உங்களுக்குக் கைகொடுத்ததா, காலை வாரியதா? அனுபவங்களைச் சொல்லுங்கள்

தொடக்கப் பதிவு:

ஜவுளிக் கடைகளுக்கான பில் மென்பொருளில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எல்லாம் ஜாவா. கடையின் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவருக்குத் தள்ளுபடியும் புள்ளிகளும் உண்டு. அட்டை இல்லாதவருக்கு அந்த இடத்தில் நல், அதாவது ‘இங்கே எதுவும் இல்லை’ என்ற மதிப்பு. அதனிடம் எதையாவது கேட்டால் நிரல் பிழையோடு நின்றுவிடும். (தமிழில் ‘நல்’ என்று எழுதினால் நல்லது என்று படித்துவிடுகிறோம். அதனால் இனி வெற்று மதிப்பு என்றே எழுதுகிறேன்.)

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. பில்லின் அடியில் ‘உங்கள் புள்ளிகள் இத்தனை’ என்று அச்சிடும் வசதியை அந்த வாரம்தான் சேர்த்திருந்தேன். மாலை நான்கு மணிக்குக் கடையிலிருந்து அழைப்பு. அட்டை இல்லாதவர்களுக்குப் பணம் வாங்கியாகிவிடுகிறது, பில் மட்டும் வரவில்லை. கைக்குழந்தைகளோடு மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். காரணம் ஒரே வரி: அட்டை வெற்று மதிப்பா என்று பார்க்காமல் அதனிடம் புள்ளிகளைக் கேட்டிருந்தேன். சோதித்தபோது என் சொந்த அட்டையைத்தான் பயன்படுத்தினேன். அதனால் பிழை எனக்குத் தெரியவே இல்லை.

பண்டிகை முடிந்ததும் உட்கார்ந்து எண்ணினேன். ‘அட்டை இருந்தால்’ என்ற அதே சோதனை 31 இடங்களில் இருந்தது. நான் விட்டது 32ஆவது இடம். நாளை இன்னொருவர் 33ஆவதை விடுவார்.

அப்போதுதான் வெற்றுப் பொருள் வடிவமைப்பைக் கையில் எடுத்தேன். இல்லாத ஒன்றின் இடத்தில், ஒன்றும் செய்யாத ஒரு பொருளை வைப்பதுதான் அது. அட்டை என்று ஓர் இன்டர்ஃபேஸ் (எதற்கெல்லாம் பதில் தர வேண்டும் என்ற பட்டியல்). உண்மையான அட்டைக்கு ஒரு கிளாஸ் (பொருளை உருவாக்கும் வார்ப்பு), ‘அட்டையில்லாதவர்’ என்று இன்னொரு கிளாஸ். இரண்டாவதிடம் தள்ளுபடி கேட்டால் 0 தரும். புள்ளி சேர்க்கச் சொன்னால் பேசாமல் திரும்பிவிடும். பில்லின் அடிவரி கேட்டால் எழுத்தே இல்லாத சரத்தைத் தரும். தனக்கென்று எந்த நிலையும் வைத்துக்கொள்ளாததால் நிரல் முழுவதற்கும் அதில் ஒரே ஒரு பொருள் போதும். அட்டையைத் தேடித் தரும் மெத்தட் (செயற்கூறு) மட்டும், அட்டை இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும். மற்ற 31 சோதனைகளையும் அழித்தேன். அழித்து முடித்த அன்று மாலை கிடைத்த நிம்மதியை இன்றும் மறக்கவில்லை.

உங்களுக்கு எப்படி? நல்லதும் கெட்டதும் இரண்டையும் எழுதுங்கள்.

சர்வர் பக்கம் வேலை செய்பவர்:

எனக்குக் காலை வாரிய கதை. நிரலில் நடப்பதைக் கோப்பில் பதிந்து வைக்கும் பகுதியை லாகர் என்போம். ஜாவாவில் எஸ்எல்எஃப்4ஜே என்ற லாகர் நூலகத்தைப் பலரும் பயன்படுத்துவோம். உண்மையில் எழுதும் பின்பக்க நூலகம் எதுவும் கிடைக்காவிட்டால் அது நிரலை நிறுத்தாது. எதையும் எழுதாத ஒரு லாகரைக் கொடுத்துவிட்டு, தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கையை மட்டும் அச்சிடும். அசல் வெற்றுப் பொருள்.

நாங்கள் நூலகங்களைப் புதுப்பித்தபோது அந்தப் பின்பக்கம் கழன்றுபோனது. எச்சரிக்கை வந்தது, ஆனால் அது போய்ச் சேர்ந்த இடத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை. இரவில் கணக்கு அறிக்கை தயாரிக்கும் வேலை மூன்று வாரம் ஓடியது. பதிவுக் கோப்பில் பிழை ஒன்றும் இல்லை. நாங்களும் மகிழ்ச்சியாக இருந்தோம். நான்காவது வாரம் வாடிக்கையாளர் ஒருவர், தனக்கு அறிக்கையே வருவதில்லை என்றார். தேடினால் மூன்று வாரத்துக்கும் ஒரு வரி கூட இல்லை. என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லாமல் ஐந்து நாள் தரவுத்தளத்தைக் குடைந்தோம்.

அந்த நூலகத்தை நான் குறை சொல்லமாட்டேன். பதிவு வேண்டாம் என்கிறவரின் நிரலை ஒரு லாகர் நிறுத்துவது தவறு. பைத்தானில்கூட நூலகம் எழுதுபவர்களுக்காக ஒன்றும் செய்யாத ஹேண்ட்லர் (பதிவுகளை வாங்கிக் கையாளும் பகுதி) ஒன்றை வைத்திருக்கிறார்கள். தவறு எங்களுடையது. எங்களுக்குப் பதிவு கட்டாயம், அதை நிரலில் எங்கும் சொல்லி வைக்கவில்லை. இப்போது தொடக்கத்திலேயே லாகரின் வகையைப் பார்க்கிறோம். ஒன்றும் செய்யாத வகையாக இருந்தால் சர்வர் எழும்பாது.

கோட்லின் எழுதுபவர்:

2014இல் ஜாவா 8 வந்தபோதே ஆப்ஷனல் வந்துவிட்டது. மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்லும் உறை அது. கோட்லின் மொழியில் வெற்று மதிப்பு வரக்கூடிய இடங்களைக் கம்பைலரே (நிரலை மொழிமாற்றும் மென்பொருளே) காட்டிக்கொடுக்கிறது. இத்தனைக்கும் பிறகு இந்த வடிவமைப்பு எதற்கு?

தொடக்கப் பதிவர்:

நியாயமான கேள்வி. கம்பைலர் என்னை 32ஆவது இடத்தில் காப்பாற்றியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 32 இடங்களிலும் ‘இல்லாவிட்டால் என்ன செய்வது’ என்று எழுதியாக வேண்டும். என் கடையில் அந்த 32 இடங்களுக்கும் விடை ஒன்றுதான். அதை ஒரே கிளாஸில் எழுதி முடித்துவிடுவது எனக்குச் சரியாகப்பட்டது. இடத்துக்கு இடம் விடை மாறினால் நானும் ஆப்ஷனல்தான் எடுப்பேன்.

பொறியியல் கல்லூரி ஆசிரியர்:

கொஞ்சம் வரலாறு சொல்ல அனுமதியுங்கள். கணினி அறிஞர் டோனி ஹோர் 1965இல் அல்கால் டபிள்யூ மொழிக்காக இந்த வெற்றுக் குறிப்பை, அதாவது நாம் பேசும் வெற்று மதிப்பை, கொண்டுவந்தார். செய்வது சுலபமாக இருந்ததால் செய்துவிட்டேன் என்று 2009இல் லண்டன் மாநாடு ஒன்றில் வருந்தி, அதைத் தன் நூறு கோடி டாலர் தவறு என்றார். 1994இல் நால்வர் ஒரு நூலில் தொகுத்த புகழ்பெற்ற 23 மென்பொருள் வடிவமைப்புகளில் வெற்றுப் பொருளுக்குத் தனி இடம் இல்லை. சில ஆண்டுகள் கழித்து பாபி உல்ஃப்தான் அதைத் தனி வடிவமைப்பாக எழுதினார். ஸ்மால்டாக் மொழியில் வெற்று மதிப்பே ஒரு கிளாஸின் பொருள். அதற்கும் செய்தி அனுப்பலாம்.

நான் மாணவர்களுக்கு இதை மரத்தில் காட்டுவேன். மரம் என்றால், ஒவ்வொரு முனையிலிருந்தும் கிளைகள் பிரியும்படி தரவை அடுக்கும் முறை. இருமத் தேடல் மரத்தின் உயரத்தைக் கணக்கிடச் சொன்னால், இடது கிளை இருக்கிறதா, வலது கிளை இருக்கிறதா என்று நான்கு கிளைப் பாதைகள் எழுதுகிறார்கள். கிளை இல்லாத இடத்தில் ‘வெற்று மரம்’ என்ற பொருளை நட்டுவிட்டால், அதன் உயரம் 0 என்று அதுவே சொல்லும். நான்கு பாதைகளும் ஒரே வரியாகும். சிவப்புக் கறுப்பு மரம் என்ற இன்னொரு வகைத் தேடல் மரத்தில் எல்லா முனைகளுக்கும் பொதுவாக ஒரே கறுப்பு வெற்று முனையை வைப்பதும் இதே எண்ணம்தான். அதை வைத்துப் பார்த்தால் நீக்கும் படிமுறை எவ்வளவு தெளிவாகிறது என்று கரும்பலகையில் எழுதும்போது ஒவ்வொரு ஆண்டும் எனக்கே உற்சாகம் வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பில் நண்பரே, உங்கள் தள்ளுபடி கழிக்கும் தொகை என்பதால் 0 பொருந்தியது. அதையே பெருக்கும் விகிதமாக எழுதியிருந்தால் 1 அல்லவா வர வேண்டும்? 0 வைத்திருந்தால் அட்டை இல்லாதவர் அத்தனை பேருக்கும் துணி இலவசம். எந்தச் செயலுக்கு வெறுமையைக் கொடுக்கிறோமோ, அந்தச் செயலின் விடையை மாற்றாத மதிப்பு எது என்று முதலில் தேட வேண்டும்.

பால் குளிர்விப்பு நிலையக் கருவிகள் செய்பவர்:

ஆசிரியர் ஐயா, மாற்றாத மதிப்பே கிடைக்காத இடமும் உண்டு. அதில் நான் மாட்டியிருக்கிறேன்.

கிராமங்களிலிருந்து வரும் பாலை ஒரு பெரிய தொட்டியில் ஊற்றி 4 டிகிரிக்குக் குளிர வைப்பார்கள். எங்கள் கருவி மூன்று வெப்ப உணரிகளைப் படித்து, சராசரியைத் திரையில் காட்டும். 5 டிகிரியைத் தாண்டினால் மணி அடிக்கும். முன்பெல்லாம் ஓர் உணரியின் கம்பி கழன்றால் வெற்று மதிப்பு வந்து முழுத் திரையும் உறைந்துவிடும். வாரம் ஒரு முறையாவது புகார் வரும். என் குழுவில் இருந்த தம்பி ஒருவர் ‘வெற்று உணரி’ என்று ஒரு கிளாஸ் எழுதினார். வெப்பநிலை கேட்டால் 0 தரும். நான்தான் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்தேன். புகார்கள் நின்றன. அவரைப் பாராட்டினேன்.

ஒரு நாள் இரவு எலி ஓர் உணரியின் கம்பியைக் கடித்துவிட்டது. அதே இரவில் குளிர்விப்பானிலும் கோளாறு. மற்ற இரண்டு உணரிகளும் 6 டிகிரி காட்டுகின்றன. 6, 6, 0. கூட்டினால் 12, மூன்றால் வகுத்தால் 4. திரையில் நாங்கள் கேட்ட அதே எண், துல்லியமாக. மணி அடிக்கவில்லை. விடியற்காலையில் டேங்கர் ஓட்டுநர் ஏற்றுவதற்கு முன் தன் வெப்பமானியைத் தொட்டியில் விட்டுப் பார்த்து, ஏற்ற மாட்டேன் என்றார். அவர் அதைச் செய்யாமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே மனம் பதறுகிறது. எத்தனை வீடுகளின் ஒரு வேளைப் பால் அது. நிலையப் பொறுப்பாளர் என்னைத் திட்டவில்லை. “உங்கள் திரையை நம்பித்தானே தூங்கினேன்” என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது.

உணரி இல்லை என்பதும், அங்கே 0 டிகிரி என்பதும் ஒன்றல்ல. பிறகு ஜாவாவின் எண் தொடர்களைப் பார்த்தேன். காலியான தொடரின் கூட்டுத்தொகை கேட்டால் 0 என்ற எண்ணையே தருகிறது. சராசரி கேட்டால் எண்ணைத் தருவதில்லை, விடை இல்லாமலும் இருக்கக்கூடிய ஆப்ஷனல் ஒன்றைத் தருகிறது. அதை வடிவமைத்தவர்கள் யோசித்ததை நான் யோசிக்கவில்லை. இப்போது எங்கள் கருவி, பதில் தராத உணரியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எத்தனை உணரிகளின் சராசரி என்றும் பக்கத்திலேயே காட்டுகிறது. ஒன்று குறைந்தாலும் மணி அடிக்கும்.

லினக்ஸ் கர்னல் பக்கம் இருப்பவர்:

இதைப் படித்ததும் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) கடிகாரத் துடிப்புகளைக் கேட்கும் முறை நினைவுக்கு வந்தது. சில சாதனங்களுக்குக் கடிகாரம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கட்டாயமில்லாத கடிகாரத்தைக் கேட்கும் செயற்கூறு, அப்படி ஒன்றே இல்லை என்றால் வெற்று மதிப்பைத் தருகிறது. அந்த வெற்று மதிப்பை இயக்கச் சொன்னால் வெற்றி என்று 0 வருகிறது. டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) எழுதுபவருக்கு எந்தச் சோதனையும் வேண்டாம். ஆனால் கடிகாரம் இருந்து, அது இன்னும் தயாராகவில்லை என்றாலோ வேறு கோளாறு என்றாலோ, பிழை எண் அப்படியே திரும்பி வரும். அங்கே வெற்று மதிப்பு தருவதில்லை. நான் எழுதிய முதல் டிரைவரில் இரண்டையும் ஒன்றாக்கி, எந்தப் பிழை வந்தாலும் ‘கடிகாரம் இல்லை’ என்று எடுத்துக்கொண்டேன். பத்து முறை இயக்கினால் இரண்டு முறை சாதனம் எழும்பாது. காரணம் புரிய ஒரு வாரம் ஆயிற்று.

தொடக்கப் பதிவர்:

மேலே உள்ள இரண்டு பதிவுகளையும் நேற்று இரவு படித்தேன். தூக்கம் வரவில்லை. காலையில் முதல் வேலையாக அட்டையைத் தேடித் தரும் மெத்தடைத் திறந்தேன். அட்டை விவரங்கள் தனி சர்வரில் இருக்கின்றன. அந்த சர்வர் பதில் தராமல் நேரம் கடந்துவிட்டால் என்ன செய்திருக்கிறேன் என்று பார்த்தேன். பிழையைப் பிடித்து, ‘அட்டையில்லாதவர்’ பொருளைத் திருப்பித் தந்திருக்கிறேன். நான் எழுதிய வரிதான், என் பெயரோடு இருக்கிறது.

அதாவது இணைப்பு விட்டுவிட்டு வரும் நாள்களில், அட்டையை நீட்டிய வாடிக்கையாளருக்கும் தள்ளுபடி இல்லாமல் பில் போயிருக்கிறது. மென்பொருள் எந்த இடத்திலும் நிற்காததால் யாருக்கும் தெரியவில்லை. பில்லில் புள்ளிகள் வரி இல்லை என்று காசாளரிடம் கேட்டவர்களுக்கு, ‘அட்டை காலாவதியாகியிருக்கும்’ என்று பதில் சொல்லப்பட்டிருக்கிறது. சர்வர் பதில் தராத நேரங்களையும் பில் நேரங்களையும் ஒப்பிட்டுக் கடந்த ஓராண்டுப் பட்டியலை எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். அந்தப் புள்ளிகளைத் திருப்பிச் சேர்க்க மேலாளர் ஒத்துக்கொண்டார்.

இன்று மாலை மூன்றாவது கிளாஸ் எழுதினேன். பெயர் ‘சரிபார்க்க முடியாத அட்டை’. தள்ளுபடி கேட்டால் அதுவும் 0தான் தரும். ஆனால் காசாளர் திரையில் மஞ்சள் நிறத்தில் ஒரு வரி வரும், அட்டை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளும், பில்லின் அடியில் ‘உங்கள் புள்ளிகள் பின்னர் சேர்க்கப்படும்’ என்று அச்சிடும். இந்த முறை என் அட்டையை வைத்துச் சோதிக்கவில்லை. சர்வர் கம்பியைப் பிடுங்கிவிட்டுச் சோதித்தேன்.