பொருள்: மறுமொழி: கேஸ் டர்பைன் வண்டி – 'வாயுச் சுழலி' போதுமா?

கோத்தகிரி அக்காவுக்கும் கலைச்சொல் குழுவினருக்கும் குன்னூரிலிருந்து வணக்கம்.

> கேஸ் டர்பைனுக்கு 'வாயுச் சுழலி' பழகிய சொல்தானே தம்பி, வண்டிகள் பற்றிய பதிவுக்கும் அதையே வைத்துக்கொள்வோமா?

மின் நிலையம் பற்றிய பதிவு என்றால் நானும் சரி என்றிருப்பேன். சாலை வண்டிக்கு அது ஆகாது அக்கா. எங்கள் பட்டறைப் பக்கம் 'கேஸ் வண்டி' என்றால் சிலிண்டர் வைத்த ஆட்டோ அல்லது ஆம்னி. 'வாயுச் சுழலி வண்டி' என்று படிக்கிற பிள்ளை அது எரிவாயுவில் ஓடுகிறது என்றுதான் எடுத்துக்கொள்ளும். இந்த எஞ்சினுக்கு எரிபொருள் எதுவானாலும் பெரிதாகக் கவலையில்லை. 1963-ல் கிரைஸ்லர் நிறுவனம் டர்பைன் கார்களில் ஐம்பதைப் பொதுமக்களிடம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது. ஆளுக்கு மூன்று மாதம், மொத்தம் 203 பேர். டீசல், மண்ணெண்ணெய் இரண்டிலும் அது ஓடியது. மெக்சிகோ அதிபருக்காக டெக்கீலா ஊற்றிக்கூட ஓட்டிக் காட்டினார்கள். இதில் 'வாயு' எங்கே?

சுழலிக்குப் பெயர் வைப்பதில் தமிழில் ஏற்கெனவே ஒரு முறை இருக்கிறது. சக்கரத்தைச் சுற்ற வைப்பது எதுவோ அதுதான் முன்னால் வரும். பைக்காரா மின் நிலையத்தில் 1932 முதல் சுற்றுவது நீர்ச் சுழலி. அனல்மின் நிலையத்தில் எரிவது நிலக்கரியே ஆனாலும் சுற்றுவது நீராவிச் சுழலி. அதே முறையில் போனால், இங்கே காற்றை இழுத்து அமுக்கி, அதில் எரிபொருளைப் பீய்ச்சி எரிக்கிறோம். கொதித்து விரியும் அந்த வளிதான் சக்கரத்தின் இதழ்களைத் தள்ளுகிறது. ஆகவே 'அனல்வளிச் சுழலி'. 'எரிவளி' என்று போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார். அதுவும் எரிவாயுவுக்கே இழுத்துப் போகும். 'அனல்காற்று' எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆனால் கயத்தாறு, முப்பந்தல் பக்கம் நிற்கும் காற்றாலைகளை நினைவுபடுத்திவிடும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இரண்டாவது சொல்: இந்த எஞ்சினில் வண்டியை ஓட்டும் சுழலிக்கான பெயர். அது சரியாக அமையாவிட்டால், இந்த எஞ்சின் மலைக்கு ஏன் ஒத்துவராது என்பதைத் தமிழில் விளக்கவே முடியாது.

கார்களில் வைத்துப் பார்த்த அனல்வளி எஞ்சின்களில் பெரும்பாலும் சுழலிகள் இரண்டு. முதலாவது, காற்றை அமுக்கும் பாகமான அமுக்கியைச் சுற்றுகிறது. அதைத் தாண்டி வரும் வளி இரண்டாவதைத் திருப்புகிறது. வண்டிச் சக்கரங்களுக்குப் போவது இந்த இரண்டாவதன் விசை மட்டும். இரண்டுக்கும் நடுவே தண்டு கிடையாது, பல்சக்கரம் கிடையாது. ஓடுகிற மின்விசிறியின் காற்றில் எதிரே இருக்கும் விசிறி சுற்றுவது போலத்தான். இதில் நன்மையும் உண்டு. வண்டி நின்றாலும் எஞ்சின் அணையாது, கிளட்ச் வேண்டாம், கிளம்பும்போதே முழு இழுவை கிடைக்கும்.

இறக்கத்தில்தான் வினை. கேத்தியில் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் லாரியைக் கவனியுங்கள். டிரைவர் கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி இறங்குவார். கால் பிரேக்கை மட்டும் நம்பி வந்த வண்டியை பர்லியாரில் ஓரங்கட்டியதும் தெரிந்துவிடும். லைனிங் கருகிய வாசம் வரும். டிரம்மில் தண்ணீர் பட்டால் 'சுர்' என்று ஆவி கிளம்பும். இரண்டு சுழலி எஞ்சினில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்கள் இரண்டாவது சுழலியை வெறுமனே சுற்றும். அமுக்கியின் பாரம் அதன்மேல் விழாது. எஞ்சின் பிரேக் என்பதே இல்லை. கிரைஸ்லர் இதற்கு ஒரு வழி செய்தது: இரண்டாவது சுழலிக்கு முன்னால் திரும்பக்கூடிய இதழ்களை வைத்து, இறக்கத்தில் வளியை எதிர்த்திசையில் அடிக்க வைத்தது. அருமையான வேலைதான். ஆனால் அவ்வளவு சூட்டில் அசைந்தாக வேண்டிய பாகங்கள் அவை. அவற்றை நம்பி கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை இறக்க நான் யாரையும் அனுப்ப மாட்டேன்.

ஏற்றத்திலும் சிக்கல்தான். வளைவு திரும்பி மிதித்தால் முதல் சுழலி வேகமெடுக்க ஒரு விநாடிக்கும் மேலாகும். அதற்குள் பின்னால் பஸ் ஹாரன் அடித்துவிடும். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, விசையும் அதற்கேற்பக் குறையும். சீசன் நெரிசலில் நின்றாலோ, கிரைஸ்லர் எஞ்சின் சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்குக் குறையாமல் ஓடி எண்ணெய் குடித்துக்கொண்டிருக்கும். முழு விசையில் ஓடினால்தான் இந்த வகை எஞ்சினுக்குச் சிக்கனம். நம் சாலையில் அதற்கு இடம் எங்கே?

ஆகவே அந்த இரண்டாவதுக்கு 'இழுவைச் சுழலி' என்று முன்மொழிகிறேன். டிரைவர்கள் நாள்தோறும் சொல்லும் சொல். ஆங்கில 'ஃப்ரீ டர்பைன்' என்பதை அப்படியே பெயர்த்த 'கட்டற்ற சுழலி' வேண்டவே வேண்டாம். கட்டுப்பாடு இழந்து சுற்றுகிறது என்று பொருள்படும்.

– குன்னூர் பட்டறை

•

தம்பி,

அனல்வளிச் சுழலியை ஏற்றுக்கொள்கிறேன், பட்டியலில் சேர்த்தாயிற்று. இழுவைச் சுழலியில் எனக்கு ஒரு தடை உண்டு. இயற்பியலில் ஓடும் பொருளைக் காற்று பின்னுக்கு இழுக்கும் விசைக்கும் 'இழுவை' என்றே எழுதுகிறோம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை குழம்பும். 'உந்து சுழலி' என்றால் என்ன? பேருந்து, மகிழுந்து என்று 'உந்து' ஏற்கெனவே வண்டியோடு ஒட்டிக்கொண்ட சொல். வண்டியை உந்துவது அதுதானே?

– கோத்தகிரி

•

அக்கா,

உந்து சுழலி நன்றாக இருக்கிறது. டிரைவரிடம் சொன்னாலும் விளங்கும். அப்படியே முதல் சுழலி, அமுக்கி, எரிகலம் மூன்றும் சேர்ந்த பகுதிக்கு 'அனல்வளியாக்கி' என்று போட்டுவிடுங்கள். 'அனல்வளியாக்கிக்கும் உந்து சுழலிக்கும் இடையே தண்டு இல்லை. ஆகவே எஞ்சின் பிரேக் இல்லை' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். 'எஞ்சின் பிரேக்' என்ற சொல் மட்டும் அப்படியே இருக்கட்டும்.

கழிவு வளியின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு ஏற்றும் பாகத்துக்கு நீங்கள் தந்த 'வெப்பமீட்பி' சரி. கிரைஸ்லர் காரில் அது சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டு, ஒன்றல்ல, இரண்டு. அங்கே மட்டும் 'சுழல் வெப்பமீட்பி' என்று பிரித்துக் காட்டுங்கள்.

– குன்னூர் பட்டறை