கிளீவ் என்றால் பிளப்பது மட்டும்தானா?

மாங்குளத்தான்:
எங்கள் பக்கத்து ரியூசன் சேர் ஒருவர், கிளீவ் (cleave) என்ற ஆங்கில வினைக்குப் பிளப்பது என்ற ஒரே பொருள்தான், ஒட்டிக்கொள்வது என்று எழுதினால் பிழை என்று முகநூலில் போட்டிருக்கிறார். பிள்ளைகளும் அதை அப்படியே கொப்பியில் எழுதுகிறார்கள். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 1611இல் வந்த ஆங்கில வேதாகமத்தில், ஆண் தாய் தகப்பனை விட்டு மனைவியோடு இசைந்திருப்பான் என்ற இடத்தில் இருப்பது இதே கிளீவ்தான். அங்கே மனைவியைப் பிளக்கவா சொல்கிறது?

குளக்கட்டு:
நானூறு வருசப் பழைய இங்கிலீசு. சோதனையில் அதுவா வரப்போகிறது? சேர் சொன்னது சரி.

வற்றாப்பளை:
ஒரே வினைக்கு இரண்டு எதிர்ப்பொருள், அவ்வளவுதான் விசயம். ஏன் இந்தச் சண்டை?

மாங்குளத்தான்:
ஒரே வினை இல்லை, இரண்டு வினை! பழைய ஆங்கிலத்தில் பிளப்பது கிளேயோஃபன், ஒட்டுவது கிளிஃபியன். பின்னால் உச்சரிப்பு ஒன்றாகிவிட்டது. ஜெர்மன்காரர் இன்றைக்கும் ஒட்டுவதைக் கிளேபன் என்கிறார்கள்.

குளக்கட்டு:
ஜெர்மனில் ஆள் இருந்தால் இப்படித்தான் கதை வரும். அதே 1611 வேதாகமத்தில் ரூத் தன் மாமியார் நகோமியை விடாமல் பற்றிக்கொண்டதும் கிளேவ் (clave), ஆபிரகாம் விறகு கொத்தினதும் கிளேவ். இறந்தகாலம் ஒன்று, ஆகவே வினையும் ஒன்று. இதற்குப் பதில் சொல்லுங்கோ அண்ணை.

மாங்குளத்தான்:
வடிவம் ஒன்றானால் வேர் ஒன்றாகுமா தம்பி? படி என்று வாசிப்பதையும் சொல்கிறோம், ஏறுகிற படியையும் சொல்கிறோம். கிளெஃப்ட் (cleft), குளோவன் (cloven) என்ற வடிவங்கள் எல்லாம் பிளப்பதற்குத்தான் வரும். ஆட்டின் பிளந்த குளம்பைக் குளோவன் என்பார்கள், ஒட்டினதை அப்படிச் சொல்லவே மாட்டார்கள். இரண்டு வினை. திரும்பவும் சொல்கிறேன், இரண்டு வினை.

முறிகண்டியான்:
இவர் போன முறை லெண்ட் (கடன் கொடுப்பது), பொரோ (கடன் வாங்குவது) விவாதத்திலும் கடைசி வரை இறங்கவில்லை. அப்போது என்னை ஓ.எல் சோதனை கூடத் தாண்டாதவன் என்று எழுதியதை நான் மறக்கவில்லை.

மாங்குளத்தான்:
அதை ஏன் இங்கே இழுக்கிறீர்? கிளீவைப் பற்றிப் பேசும்.

வற்றாப்பளை:
யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து படிப்பிக்கிற சேர் என்றபடியால்தான் உங்களுக்கு எரிகிறது.

மாங்குளத்தான்:
எங்கிருந்து வந்தால் எனக்கென்ன! வன்னிப் பிள்ளைகளுக்கு எதையும் சொல்லலாம், கேட்க ஆளில்லை என்ற நினைப்புத்தான் எனக்கு எரிகிறது. அகராதியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், கிளீவ் இரண்டு தனிப் பதிவாக நிற்கும்.

குளக்கட்டு:
என்னிடம் இருக்கிற அகராதியில் ஒரு பதிவுதான்.

மாங்குளத்தான்:
அது பொக்கெட் அகராதி! பெரியதைப் பாரும்.

குளக்கட்டு:
கிளேவுக்கு இன்னும் பதில் வரவில்லை.